கலங்கி வந்த கசிவு நீர்

காலை ஆறு பத்து. அணையின் பின்சரிவு அடியில் கசிவு நீர் செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. முந்தைய மாலை வரை அது தெளிவாக இருந்தது.

மண் அணை என்றால் கசியும். தெளிந்து கசிந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளிருந்து மண் கரைகிறது என்று பொருள். விட்டால் குழாய் போல வழி விழுந்து கரை உடையும். கொல்லிமலை ஓடையின் வெள்ளத்தைத் தடுக்க, நான் பிறப்பதற்கு முன் கட்டிய அணை அது. நேர் கீழே தறிக்காரர் காலனி.

நான் அப்போது செக்‌ஷன் இன்ஜினியர். மேலதிகாரியான இ.இ.க்கு, அதாவது செயற்பொறியாளருக்கு, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுக் கரை மேல் ஏறினேன். உபரி நீர் வழியும் கலிங்கின் மேல் மணல் மூட்டைகள். இன்னும் ஓரடி தண்ணீர் தேக்கலாம் என்று பாசனக்காரர்கள் இரவோடு இரவாக அடுக்கியவை.

பாசன சங்கத் தலைவர் செல்லமுத்து டிராக்டரில் களிமண்ணோடு வந்தார்.

"ஓட்டைய அடச்சுப்போடலாமுங்க அம்மணி."

"அடைச்சா வேற பக்கம் பிச்சுக்கிட்டு வரும். மணலும் ஜல்லியும் கொண்டாங்க."

"ஓட்டைக்கு ஜல்லியா? எங்கூட்டு மாடு கூடச் சிரிக்குமுங்க."

"சிரிக்கட்டும். மூட்டைகளை எடுக்கச் சொல்லுங்க. மதகையும் திறந்து ஓடையில விடணும்."

அவர் முகம் மாறியது. "தண்ணிய உட்டுப்போட்டு மஞ்சக்காட்டுக்கு என்னத்தைங்க பாய்ச்சறது? நம்ம காடு கடைமடைல இருக்குதுங்க."

"காலனில ஆளுங்க இருக்காங்க. போன் பண்ணியாச்சா?"

அவர் கீழே பார்த்தார். விசைத்தறிகள் ஓடும் சத்தம் கரை வரை கேட்டது.

"போன் அடிச்சாலும் இந்தச் சத்தத்துல கேக்காதுங்களே" என்றார். களிமண்ணை அங்கேயே கொட்டிவிட்டு டிராக்டரைக் காலனிக்கு விட்டார்.

காலனியைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினோம். கசிவின் மேல் மணல், அதன் மேல் பொடி ஜல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி. தண்ணீர் வெளியேறும், மண் தங்கும். மூட்டைகளை எடுத்து மதகையும் திறந்ததும் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியது. பிற்பகலில் கசிவு தெளிந்தது.

புதிதாக வரும் இன்ஜினியர்களுக்குச் சொல்வது இதுதான்: கசிவின் அளவைக் குறிப்பது போதாது, நிறத்தையும் பாருங்கள். அணை நிரம்பினால் முதலில் கலிங்குக்குப் போங்கள்.

அந்த ஆண்டு கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை. செல்லமுத்துவின் மஞ்சள் காய்ந்தது.