தமிழில் சொன்ன சிசிலி வைன்

என் தங்கச்சி சிசிலியில் வைன் செய்கிறாள். இதைச் சொன்னால் ஸ்டுட்கார்ட்டில் உள்ள எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப அவ குடிக்கிறவவோ?" என்று கேட்பார்கள். குடிக்கிறவள்தான். வாயில் வைத்து, நாக்கில் உருட்டி, அநேகமாகத் துப்பிவிடுவாள். அது அவளுடைய வேலை.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வெவ்வேறு காலத்தில் புறப்பட்டு வெவ்வேறு நாட்டில் நின்றுவிட்டவர்கள். நான் ஜேர்மனியில் பஸ் ஓட்டுகிறேன். அவள் கலியாணம் முடித்து பலெர்மோ போனாள். அங்கே எங்கள் ஆட்கள் நிறையப் பேர், பெரும்பாலும் வீட்டு வேலைதான். அவளும் அப்படித்தான் தொடங்கினாள். அவள் துப்புரவு செய்த வீடுகளில் ஒன்றின் சொந்தக்காரிக்கு தீவின் உட்பக்கத்து மலைச்சரிவில் ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அறுவடைக் காலத்தில் வேலையாட்களுக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்று தங்கச்சியையும் மச்சானையும் கூட்டிப்போனார். அறுவடை முடிந்தும் அவர்கள் பலெர்மோவுக்குத் திரும்பவில்லை. மச்சான் கொடி வெட்டப் பழகினார். தங்கச்சி சமையலறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நிலவறைக்கு இறங்கினாள். இன்று எந்தப் பீப்பாயைத் திறப்பது, எதை எதனோடு கலப்பது என்று சொந்தக்காரி கேட்பது இவளைத்தான்.

இதெல்லாம் எனக்குத் தொலைபேசியில் கேட்ட செய்தியாகவே இருந்தது. போன வருடக் கோடை முடிவில் லீவு எடுத்து, மனைவியோடு அங்கே போனபோதுதான் கண்ணால் கண்டேன்.

அது நாங்கள் நினைத்த இத்தாலி இல்லை. பீட்சாக் கடை கிடையாது. கோதுமை வெட்டி முடிந்த மஞ்சள் மலைகள், இடையிடையே பச்சைத் துண்டுகளாகத் திராட்சை. முற்றத்தில் மரப்பலகைகளைச் சரித்து வைத்து, அவற்றில் உப்புப் போட்ட தக்காளிக் கூழைப் பரப்பியிருந்தார்கள். அது வெயிலில் காய்ந்து, கையால் புரட்டப் புரட்டக் கறுத்து, கடைசியில் களிமண் போல் திரளும். ஒரு கரண்டி போதும், ஒரு சட்டி குழம்புக்கு. பெரிய அவரைப் பருப்பைக் குழைய அவித்து, காட்டுப் பெருஞ்சீரக இலை போட்டு, மேலே ஒலிவ் எண்ணெய் விட்டு ஒரு கூழ் தந்தாள். பெயர் மக்கோ. கத்தரிக்காயைப் பொரித்து வினாகிரியும் சீனியும் சேர்த்து, செலரியும் ஒலிவும் போட்டுப் பிரட்டியது கப்பொனாத்தா. சுடச்சுடக் கேட்டேன், தரவில்லை.

"நாளைக்குத்தான் அண்ணா. இண்டைக்குச் சாப்பிட்டா வினாகிரிதான் வாயிலை நிக்கும்."

மறுநாள் நிலவறைக்குக் கூட்டிப்போனாள். எங்கள் பேச்சில் திராட்சைக்கு முந்திரிகை என்றுதான் பெயர். "இது கறுப்பு முந்திரிகை, முந்தாநாள் பிழிஞ்சது. கேட்டுப் பாருங்கோ" என்று தொட்டியில் காதை வைக்கச் சொன்னாள். உள்ளே மழை தூறுவது போல ஒரு சத்தம். அந்தச் சத்தம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். வீட்டில் அடுப்புப் பக்கம் வராமல் சைக்கிளில் ஊர் சுற்றிய பிள்ளை.

இந்த வசந்தத்தில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. ஸ்டுட்கார்ட்டில் ஓர் இத்தாலியச் சாமான் கடையில் அவர்களுடைய தோட்டத்து வைன்களைச் சுவைக்கும் மாலை ஒன்று ஏற்பாடாகியிருந்தது. சொந்தக்காரி டொய்ச், அதாவது ஜேர்மன் மொழி, நன்றாகப் பேசுவார்; அவர் பேசுவது, தங்கச்சி சமைப்பது என்று திட்டம். புறப்பட இருந்த வாரம் சொந்தக்காரி படியில் தவறி கணுக்காலை முறித்துக்கொண்டார். "நீ போ. வைனைச் செய்தது நீ, நீயே சொல்லு" என்று இவளைத் தனியே அனுப்பிவிட்டார். கடைக்காரர் ஒரு ஜேர்மன்காரர். தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழி சாமான் வாங்கவும் விற்கவும் மட்டும்தான் காணும் என்று அவரே சொல்லிவிட்டார்.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே தங்கச்சி தொடங்கினாள்.

"அண்ணா, நான் தமிழிலை சொல்லுறன். நீங்கள் டொய்ச்சிலை சொல்லுங்கோ."

"எனக்கு வைனைப் பற்றி ஒண்டும் தெரியாது பிள்ளை."

"தெரியத் தேவையில்லை. நான் சொல்லுறதைச் சொன்னாக் காணும். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைச்சும் சொல்ல வேண்டாம்."

மறுநாள் மாலை கடை நிறைய ஆட்கள். நீள மேசைகளில் கண்ணாடிக் குவளைகள், பாண், ஆட்டுப்பால் சீஸ். கடைக்காரர் எங்களை முன்னுக்குக் கூப்பிட்டு, சிசிலியிலிருந்து வந்த நிலவறைப் பொறுப்பாளர் என்று அவளை அறிமுகப்படுத்தினார். எல்லோரும் முதலில் எங்களுக்குப் பின்னால் பார்த்தார்கள், வேறு யாரோ வரப்போவது போல. தங்கச்சி கறுப்பு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு முன்னுக்கு வந்து, தமிழில் தொடங்கினாள்.

"எங்கட மலையிலை மழை குறைவு. காத்துத்தான் கூட. அதாலை பழம் சின்னன், தோல் தடிப்பு. இந்த வெள்ளை வைனுக்கு கத்தராத்தோ எண்டு பேர். முதல் மணந்து பாருங்கோ. குடிக்கிறதுக்கு அவசரப்படாதேங்கோ."

நான் சொன்னேன். முதல் வசனத்தை இரண்டு தரம் தொடங்கினேன். பஸ்ஸில் அடுத்த தரிப்பிடத்தை அறிவிப்பதோடு சரி, ஒரு கூட்டத்தின் முன்னால் நின்று நான் கதைத்ததே இல்லை. ஆனால் அவள் ஒரு வசனம் சொல்லி நிறுத்தி, என்னைப் பார்த்து, நான் முடித்ததும் அடுத்ததைத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் எனக்கு அது ஒரு சீரான ஓட்டமாக வந்துவிட்டது. கப்பொனாத்தா போனது, வெள்ளை வைன் போனது. மனைவி மேசை மேசையாக மக்கோவைச் சின்னக் கிண்ணங்களில் கொண்டுபோய் வைத்தாள்.

மூன்றாவது வைனில்தான் நான் சிக்கினேன். பெரிக்கோனே என்ற கறுப்புத் திராட்சையின் வைன். கறுப்பென்றால் மை போலக் கறுப்பு.

"இது முதல் புளிக்கும். பிறகு துவர்க்கும். நாவற்பழம் சாப்பிட்டா நாக்கு இழுபடுமெல்லோ, அந்தத் துவர்ப்பு" என்றாள்.

நாவற்பழத்துக்கு டொய்ச்சில் என்ன சொல்வது? சொன்னாலும் யார் தின்றிருப்பார்கள்? எல்லோரும் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். அப்போதுதான் ஷ்லேயே நினைவுக்கு வந்தது. இங்கே மலையடிவார வேலிகளில் முள்ளுப் பற்றையாக நிற்கும். நீலக் கறுப்பில் சின்னப் பழம், வாயில் போட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா வருடா வருடம் அதில் ஜாம் செய்து தருவார்.

"பனி விழ முன்னம் பிடுங்கித் தின்ற ஷ்லேயே மாதிரி" என்று டொய்ச்சில் சொன்னேன்.

கடை முழுக்க ஒரு முனகல் எழுந்தது. குடித்தார்கள். தலையை ஆட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு, "ஓம், அதேதான்" என்று டொய்ச்சில் சொன்னார். தங்கச்சி என் பக்கம் திரும்பி, "என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். "பிறகு சொல்லுறன்" என்றேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு முதியவர் கை உயர்த்தினார். இளம் வயதில் இங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்து தங்கிவிட்ட இத்தாலியர் என்று பிறகு தெரிந்தது. அவர் இத்தாலியனில் ஏதோ கேட்டார். தங்கச்சி பதில் சொன்னாள். அவர் நாற்காலியை விட்டு எழும்பினார். வேறு மாதிரி ஒரு பேச்சில், வார்த்தைகளை விழுங்கி விழுங்கி, திரும்பக் கேட்டார். அவளும் அதே மாதிரி விழுங்கிப் பதில் சொன்னாள். அதற்குப் பிறகு இருவரும் நிறுத்தவில்லை. அவள் கை இரண்டும் காற்றில். அவர் மேசைகளுக்கு நடுவே புகுந்து முன்னுக்கே வந்துவிட்டார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் நடுவில் நின்று, வேலையற்றவனாக, ஒரு முகத்தையும் மற்ற முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவரே கூட்டத்தின் பக்கம் திரும்பி டொய்ச்சில் சொன்னார்: "இவர் இருப்பது என் அம்மாவின் ஊருக்கு அடுத்த மலை. என் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு வராது. இவர் அதைத்தான் பேசுகிறார்." பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனால் மக்கோ விஷயத்தில் பிழை விடுகிறார். பெருஞ்சீரக இலையைத் தொடக்கத்திலேயே போட வேண்டும், கடைசியில் இல்லை" என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். தங்கச்சி இடுப்பில் கை வைத்தாள்.

"தொடக்கத்திலை போட்டா இலை செத்துப் போகும் எண்டு சொல்லுங்கோ அண்ணா. மணம் ஒண்டும் மிஞ்சாது. அவரின்ரை அம்மா எப்பிடிச் செய்தவவோ தெரியாது, நான் மாத்த ஏலாது."

இதை ஒரு முதியவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் தயங்கினேன். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்றவள் அவள்தானே. அப்படியே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மேசைக்குத் திரும்பிப் போய், மிச்சமிருந்த மக்கோவைச் சாவகாசமாக வழித்துச் சாப்பிட்டார். பிறகு வெறுங்கிண்ணத்தை என் மனைவியிடம் நீட்டினார், இன்னொன்று வேண்டும் என்று.

என் தங்கச்சி என்று அந்தக் கடைக்குள் யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல நேரமில்லை, அடுத்த வைனை ஊற்றத் தொடங்கிவிட்டாள். அன்று பெரிக்கோனே முழுவதும் விற்று முடிந்தது. கடைக்காரர் வைகாசிக்குள் இன்னும் அனுப்பச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டபடி, "ஷ்லேயே எண்டா என்ன?" என்று கேட்டாள். ஜாம் போத்தலைத் திறந்து கொடுத்தேன். விரலால் எடுத்து நாக்கில் வைத்து, வைனைப் போலவே உருட்டினாள். துப்பவில்லை.

"ஓம். இதுதான். நல்ல சொல்லாத்தான் பிடிச்சிருக்கிறியள் அண்ணா."

வேலையில் எத்தனையோ பாராட்டுக் கேட்டிருக்கிறேன். இதைப் போல ஒன்றைக் கேட்டதில்லை.

அவள் திரும்பிப் போன பிறகு, ஒரு மத்தியானம் கடைசித் தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்தியிருந்தேன். இறங்க வந்த ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்தார். முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு வைன் குடித்தவர்.

"நீங்கள்தானே அன்று மொழிபெயர்த்தவர்? ஒன்று கேட்க வேண்டும். அந்த அம்மா முதலில் பேசியது சிசிலியின் எந்தப் பக்கத்துப் பேச்சு? கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது."

"அது தமிழ்" என்றேன். "அவள் என் தங்கச்சி."

புறப்பட இன்னும் நேரம் இருந்தது. என்ஜினை நிறுத்திவிட்டு, தோட்டத்தைப் பற்றி, மலையைப் பற்றி, பலகையில் காயும் தக்காளியைப் பற்றி எல்லாம் அவருக்குச் சொன்னேன்.