நாற்காலி விளையாட்டுக்கு ஒரு போர்ப்பாட்டு

பெங்களூரு ஹெப்பகோடியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நவம்பர்தோறும், கர்நாடகம் உருவான நாளுக்கு, ராஜ்யோத்சவ விழா நடக்கும். சென்ற ஆண்டு அதில் பாட மூன்றாம் மாடி டாக்டரின் மனைவி பெயர் கொடுத்திருந்தாள். டாக்டர் உக்ரைனுக்கு மருத்துவம் படிக்கப் போன தமிழர். அவள் அந்த நாட்டுப் பெண்.

அவள் எடுத்துக்கொண்டது தன் நாட்டுப் பாட்டு. அதன் கதையை என் சமையலறையில் நின்று, பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னாள். புல்வெளியில் சிவப்புப் பழக்கொத்துகளோடு ஒரு செடி தலை சாய்ந்து நிற்கிறது. நாடும் அப்படித்தான் துயரத்தில் கிடக்கிறது. இரண்டையும் நிமிர்த்துவோம் என்கிறது பாட்டு. நூறாண்டுக்கு முன் போருக்குப் போன தன்னார்வப் படையினர் பாடியது. சோவியத் ஆட்சியில் வெளியே பாடினால் தண்டனை. கதவைச் சாத்திக்கொண்டு பாடினார்களாம். இப்போது நடக்கும் போரில் மறுபடி எல்லார் வாயிலும் வந்திருக்கிறது.

"தம்பி கேக்கணும் அக்கா. வீடியோ கால்ல," என்றாள். தம்பி காலில் குண்டு பட்டு மருத்துவமனையில் கிடந்தான்.

ஒத்திகையில் அவள் பாடியதை விழாக் குழுச் செயலாளர் பதிவு செய்துகொண்டார். "செம பீட், மேடம்!" என்று தொடையில் தட்டினார்.

விழாவன்று தலைமை விருந்தினர் வரவில்லை. கூட்டம் கலையாமலிருக்கச் செயலாளர் மியூசிக்கல் சேர் அறிவித்தார். ஒலிபெருக்கியில் வந்தது ஒத்திகையில் பதிவான அவள் குரல். அவள் தன் நாட்டுப் பூவேலைச் சட்டையோடு மேடையோரம் நின்றிருந்தாள். கையிலிருந்த போனில் தம்பி ஏற்கெனவே வந்துவிட்டான். பாட்டு பாதிச் சொல்லில் அறுந்தது. நாற்காலிகள் கரகரத்தன. கூச்சல், சிரிப்பு, இடிபட்டு விழுந்த ஒரு தொப்பைக்காரர். மறுபடி பாட்டு. மறுபடி அறுத்தார்கள்.

நான் செயலாளரிடம் போனேன். சற்று முன் மாநில கீதத்துக்கு எல்லாரையும் நேராக நிற்கச் சொல்லி அதட்டியவர் அவர்தான்.

"அது அவங்க போர்ப் பாட்டு சார். நிறுத்துங்க."

"நிறுத்தினாதானேக்கா கேமே!" பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். "கொஞ்சம் அட்ஜஸ்ட் மாடி, பொறுத்துக்கங்க. பாட்டுதான் போட்டாச்சே, அவங்க தனியா வேற பாடணுமா?"

விருந்தினர் வந்தார், மைசூர்ப் பேட்டா தலைப்பாகை, சால்வை, உரை. அவள் பெயரைக் கூப்பிடவேயில்லை. உரை முடிந்து கூட்டம் பிசிபேளேபாத் சாப்பாட்டுக்கு ஓடியதும், கலைந்து கிடந்த நாற்காலிகள் நடுவே நின்று, மைக் இல்லாமல், போனைப் பார்த்துப் பாடினாள். ஒலிபெருக்கி பரிசு பெற்றவர்களை அழைத்துக்கொண்டிருந்தது. அவள் வாயைப் போனுக்கு அருகே கொண்டுபோய் முழுதும் பாடி முடித்தாள். திரையில் தம்பி ஏதோ சொன்னான், தலையசைத்தாள்.

செயலாளர் ஒரு ஹாட்பாக்ஸுடன் வந்தார். "மேடம், உங்களுக்கு ஆறுதல் பரிசு!" அவள் இரண்டு கையாலும் வாங்கி, "நன்றி" என்றாள். அவர் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: 'நம்ம ஃபாரின் மேடம், செம ஜாலி.' அதன் கீழே கைதட்டும் கைகளாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. தட்டிலிருந்ததை அப்படியே கொட்டிவிட்டு மேலே வந்துவிட்டேன்.