ஜீப்பில் ஏறிய ஆறு கூடைகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மெக்கானிக்கைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான ஆள், முழங்கை வரை கிரீஸ். ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டேதான் பேசுவார். கால் மட்டும் வெளியே தெரியும்.

தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப் ஹல்துமுல்லைக்குக் கீழே காட்டுக்குள் பத்து நாள் போக வேண்டியிருந்தது. பாஸ் என்ஜினுக்கு அடியில் இரும்புத் தகடு பூட்டினார். கூடாரம், சாமான் பாரத்துக்கு, வண்டியைத் தாங்கும் வில்லுப்பட்டை எவ்வளவு தாழும் என்று பார்க்க, கொழுந்து எடுக்கும் எங்களில் ஆறு பேரைக் கூடையோடு ஜீப்பில் ஏற்றினார்.

"கூடையெல்லாம் நெறஞ்சிருக்கா தங்கச்சி?" என்று அடியிலிருந்து கேட்டார்.

அன்று கொழுந்து குறைவு. ஆறும் பாதிக்கூடைதான். ஆனால் மலையிலேயே அதிகக் கொழுந்து எடுக்கிறவள் என்று பேர் வாங்கியவள் நான்.

"நான் என்னைக்குண்ணே அரைக்கூடையோட எறங்குனேன்? நெறஞ்சுதான் இருக்கு" என்றேன். மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"நெறஞ்ச கூடைக்கே தாங்குதுன்னா, இன்னொரு பட்டை வேணாம்" என்றார் பாஸ்.

காட்டில் சாமான் பாரத்தில் ஜீப் தாழ்ந்து, பாறையில் இடித்துத் தகடு கிழிந்து, எண்ணெய் எல்லாம் கொட்டிவிட்டது. துரை இரண்டு நாள் நடந்து வந்தார். பாஸைப் பட்டறை வேலையை விட்டே நிறுத்திவிட்டார்.

தோட்டத்தை விட்டுப் போகிற அன்று, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் பாஸ் என்னிடம் வந்தார்.

"கூடையோட ஏறி உக்காந்து கஷ்டப்பட்டீங்க. நான்தான் சரியாப் பாக்கல. மனசுல வச்சுக்காத தங்கச்சி."

"பரவாயில்லண்ணே" என்று சொல்லிவிட்டு, நான் மலைக்கு ஏறிப் போனேன்.