கைபேசியில் வெயில், தோட்டத்தில் மின்னல்

கடந்த சித்திரையில் ஒரு பின்னேரம், கண்டாவளையில் உள்ள எங்கள் கச்சான், அதாவது நிலக்கடலைத் தோட்டத்தில் நானும் என் கணவரின் தங்கை மலரும் களை பிடுங்கிக்கொண்டிருந்தோம். கிழக்கே வானம் கறுத்து, தூரத்தில் இடி கேட்டது.

“மச்சாள், வீட்டை போவம்” என்றாள் மலர்.

நான் கைபேசியில் வானிலையைப் பார்த்தேன். சூரியன் படம் இருந்தது. “மழை இல்லையெண்டு போட்டிருக்கு. இன்னும் ரெண்டு வரிசைதானே” என்று அவளை மறித்துவிட்டேன்.

அந்த வரிசை முடியுமுன்பே மழை கொட்டியது. நான் வேலியோரம் நின்ற பாலை மரத்தடிக்கு ஓடினேன். மலர் என் கையைப் பிடித்து இழுத்தாள். “மரத்துக்குக் கீழை நிக்காதேங்கோ, ஓடி வாங்கோ!”

பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தபோது கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தோடு காது அடைத்தது. திரும்பிப் பார்த்தால், பாலையின் பெரிய கிளையொன்று பிளந்து தொங்கியது. அவளையும் சாகக் கொடுக்கப் பார்த்தேனே என்று அழுதேன். மலர் ஒரு சொல் குறை சொல்லவில்லை. “பயப்பிடாதேங்கோ மச்சாள்” என்று என் தலையைத் துவட்டிவிட்டாள்.

பிறகு வீட்டுக்குப் போனதும் என் மகள் கைபேசியை வாங்கிப் பார்த்தாள். “அம்மா, இது மலைநாட்டு நுவரெலியாக் காலநிலை. போன மாதம் அங்கை போகேக்கை நான் மாத்தினனான். பதினெட்டுப் பாகை குளிர் எண்டு கிடக்கு, பாக்கேல்லையோ?”

வியர்வை வழிய வழிய நின்றும், நான் படத்தை மட்டுந்தான் பார்த்திருந்தேன்.

இப்போது முதலில் ஊர்ப் பெயரை வாசிக்கிறேன். இடி காதில் விழுந்துவிட்டால் கைபேசியை எடுப்பதே இல்லை. பிடுங்கிய களையை அப்படியே போட்டுவிட்டு, மலரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுகிறேன்.