அரை டம்ளர்

எங்கள் பள்ளியில் இயேசு வியாழக்கிழமையே உயிர்த்தெழுந்துவிடுவார். வேறு வழியில்லை. வெள்ளிக்கிழமை அவர் சிலுவையில் இறக்கும்போது பள்ளிக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவர் எழும்போது எங்கள் பிள்ளைகள் அவரவர் வீட்டில் நல்ல தூக்கத்தில் இருப்பார்கள். அதனால் முந்தைய வியாழக்கிழமை அசெம்பிளியிலேயே மரணம், அடக்கம், உயிர்த்தெழுதல் மூன்றையும் முடித்து, ஆளுக்கொரு பன்னும் கொடுத்து அனுப்பிவிடுவோம். இந்த வருஷம் அந்த வியாழக்கிழமையே பள்ளியின் கடைசி நாளாகவும் அமைந்துவிட்டது.

திருத்தணியில் இருக்கும் ஒரு லுத்தரன் ஆரம்பப் பள்ளியில் நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். வேலைக்கு வந்தது முதல் ஒன்றாம் வகுப்புதான். பென்சிலைப் பிடிக்கத் தெரியாமல் வருபவர்களை வாங்கிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களாக அனுப்புவேன். பிள்ளைகளில் கிறிஸ்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். மற்றவர்கள் தறி ஓட்டுகிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள், மலையடிவாரத்தில் தேங்காய்க் கடை வைத்திருப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக வந்த பிள்ளை ஒன்று, வெள்ளை அங்கியில் வருகிற அவரைப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஐயர் ஏன் மணி ஆட்டல?" என்று கேட்கும். நானும் அலுக்காமல் பதில் சொல்வேன்.

ஈஸ்டர் அசெம்பிளியில் ஐயர் கையை உயர்த்தி, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று உரக்கச் சொல்வார். பிள்ளைகள், "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று பதில் சொல்ல வேண்டும். இது சபையில் காலங்காலமாகச் சொல்லும் வாழ்த்து. பிள்ளைகளுக்கு இதைப் பழக்குவது என் பொறுப்பு. ஆனால் இது முருகன் மலை இருக்கிற ஊர். ஒரு பெரியவர் கையைத் தூக்கிக் குரல் கொடுத்தால், கூட்டமாக நிற்கிற இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்றுதான். கிருத்திகைக்குக் கிருத்திகை அப்பாவின் தோளில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பதில் அது. நான் எத்தனை நாள் 'மெய்யாகவே' பழக்கினாலும், அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையில் ஒரு குரல், "அரோகரா" என்று எழும்பும். அப்புறம் மொத்த ஒன்றாம் வகுப்பும் அதைப் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு மானம் போகும். என் வீட்டுக்காரருக்கு வருஷத்தில் அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

அவர் பஸ் டிரைவர். திருப்பதி ரூட்டில் ஓட்டியவர், தமிழும் தெலுங்கும் கலந்து திட்டக்கூடியவர். வியாழக்கிழமை நான் வீட்டுக்குள் காலை வைப்பதற்குள், "டீச்சர், இந்த வருஷம் சொன்னாங்களா?" என்று கேட்பார். என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து டீச்சர்தான். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "சொன்னாங்க" என்பேன். "மொதல்ல யாரு ஆரம்பிச்சது? ஐயர் மூஞ்சி எப்டி போச்சி?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சிரிப்பார். ஒவ்வொரு வருஷமும் அதே கதைதான், அதே சிரிப்புதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்டன. வாரத்தில் மூன்று நாள் ரயில் ஏறிப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவார். மருந்து, ஊசி, பத்தியம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். தண்ணீர்தான் அவரைப் படுத்தியது. உள்ளே போகிற தண்ணீர் வெளியே வராது, காலில் தேங்கும், நெஞ்சில் தேங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு நாலு டம்ளர், காப்பி, ரசம் எல்லாம் அதற்குள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் பெரிய கேனை வைத்துக்கொண்டு, வெயிலில் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே வண்டி ஓட்டிய மனிதருக்கு நாலு டம்ளர்.

காவல் நான். காலையில் ஒரு பாட்டிலில் அவருடைய அன்றைய பங்கை அளந்து ஊற்றி வைப்பேன். காப்பி கொடுத்தால் அதே அளவுத் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்து வாசலில் இருக்கிற கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவேன். அப்போதுதான் மிச்சம் எவ்வளவு என்பது அவர் கண்ணுக்குத் தெரியும். "என் பங்க செடி குடிச்சிக்கினு கீது, நான் பாத்துக்கினு கீறேன்" என்பார். நான் சிரிக்க மாட்டேன். சிரித்தால் கேட்பார், கேட்டால் கொடுத்துவிடுவேன் என்ற பயம் எனக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெயில் அதிகமான பிறகு பள்ளியில் தண்ணீர் மணி என்று ஒன்று அடிக்கிறோம். அந்த மணி அடித்ததும் பாடத்தை நிறுத்திவிட்டு எல்லாப் பிள்ளைகளும் தண்ணீர் குடிக்க வேண்டும். குடிக்காமல் விளையாடுகிற பிள்ளையைப் பிடித்துவைத்து, "குடி, இன்னும் ரெண்டு வாய் குடி" என்று அதட்டுவது என் வேலை. பகலெல்லாம் வேண்டாம் என்கிறவர்களைக் குடிக்க வைத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து வேண்டும் என்கிறவரைத் தடுப்பேன்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் காவல் தளரும். அரோகரா கதை சொல்லும் நாள். சிரித்துச் சிரித்து அவருக்குத் தொண்டை வறண்டுவிடும். "பாரு, உன் பள்ளிக்கூடத்தாலதான் இப்டி ஆச்சி. அரை டம்ளர் கூட குடு" என்பார். கொடுப்பேன். அந்த அரை டம்ளரை அவர் ஒரே வாயில் குடிக்க மாட்டார். ஈஸ்டர் கேக்கைச் சாப்பிடுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பார்.

பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவையில் சொல்லப்பட்ட ஏழு வார்த்தைகளை ஆளுக்கொன்றாக ஏழு பேர் எடுத்துப் பேசுவது எங்கள் சபை வழக்கம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் தொடங்கும்போதே ஐயர் பங்கிட்டுக் கொடுத்துவிடுவார். இந்த வருஷம் எனக்கு ஐந்தாவது வார்த்தை வந்தது. "தாகமாயிருக்கிறேன்" என்று இயேசு சொன்னது. வீட்டில் சொன்னதும் அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டார். "ஐயருக்கு வெவரம் தெரிஞ்சிக்கீது. என்னைக் காயப்போடறவளுக்குன்னு பாத்து குடுத்துக்கீறாரு" என்றார். "நான் வந்து மொத பெஞ்சில உக்காந்துக்குவேன். நீ பேசும்போது நாக்க நீட்டிக் காட்டறேன், உதாரணத்துக்கு."

அப்படிச் சொன்ன மூன்றாவது வாரம், டயாலிசிஸுக்குக் கிளம்பிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர், நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். நான் அடுப்படியில் இட்லி கட்டிக்கொண்டிருந்தேன். ரயிலுக்கு நேரமாகிறதே என்று கோபத்தோடு வெளியே வந்தேன். பாதிப் பொத்தான்தான் போட்டிருந்தார்.

நான் அழவில்லை. இதை ஊரே கவனித்தது. அடக்கத்தன்று மூன்று பேர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நான் விழுந்தால் தாங்க. நான் விழாததில் அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான் என்று நினைக்கிறேன். அடுத்த வாரமே பள்ளிக்குப் போனேன். விடைத்தாள் திருத்தினேன், மார்க் போட்டேன், மணி அடித்ததும் பிள்ளைகளைக் குடிக்க வைத்தேன், 'மெய்யாகவே' பழக்கினேன். காலையில் எழுந்ததும் கை தானாகப் பாட்டிலை எடுத்து அளந்து நிரப்பியது. இரவில் அப்படியே செடிக்கு ஊற்றினேன். துக்கமாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். எதுவும் இல்லை. ஊசி போட்டபின் பல் பிடுங்குகிற மாதிரி, எங்கேயோ என்னவோ நடக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

வியாழக்கிழமை வந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எச்.எம். டீச்சர் விடுமுறையில் கிணற்றுப் பக்கம் போகாதீர்கள், வெயிலில் அலையாதீர்கள் என்று சொல்லி முடித்தார். ஐயர் கையை உயர்த்தினார். வாழ்த்தைச் சொன்னார். நான் ஒன்றாம் வகுப்பைப் பார்த்து உதட்டை அசைத்து 'மெய்' என்று எடுத்துக் கொடுத்தேன். முன்வரிசையிலேயே, முன்பல் விழுந்த ஒரு பெண், இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, "அரோகரா" என்றாள். அப்புறம் கேட்க வேண்டுமா. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போய்விட்டது. பன் தட்டைப் பிடித்திருந்த ஆயாம்மாகூட வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

ஐயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பரவால்ல, சத்தமா சொன்னீங்கல்ல, அது போதும்" என்றார். டீச்சர்கள் எல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். இந்த வருஷத்துக் கதை மற்ற வருஷங்களைவிட நன்றாக இருந்தது. ஆயாம்மா சொன்னதைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். பூட்டைத் திறந்தேன். உள்ளே யாரும் எதுவும் கேட்கவில்லை. கைப்பையை மாட்டிவிட்டு, துணி மடித்தேன்.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் ஆராதனை. ஐந்தாவது வார்த்தையை மாற்றித் தரட்டுமா என்று ஐயர் முன்பே கேட்டிருந்தார். வேண்டாம் என்றிருந்தேன். தைரியத்தால் அல்ல, எதுவும் உறைக்காததால். உபவாசத்தில் களைத்திருந்த சபைக்கு முன் நின்று, தாகம் என்றால் என்ன என்று ஒன்றாம் வகுப்புக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். தாகமெடுத்தவர் முதலில் உதட்டை நக்குவார். பிறகு ஐஸ் கட்டி கேட்பார். பிறகு வாய் கொப்பளிக்கிறேன் என்று போய்க் குழாயடியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பார். பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டுப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பார். சொல்லிக்கொண்டே போனேன். குரல் நடுங்கவில்லை. எதிரே கைக்குட்டைகள் வெளியே வந்தன. முதல் பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள், யாரென்று நினைவில்லை. முடிந்தபின் கஞ்சி ஊற்றும் இடத்தில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "அழுதுடும்மா, உள்ளயே வெச்சிக்கினு கீறியே" என்றார். உள்ளே இருந்தால்தானே அம்மா என்று சொல்ல நினைத்து, "ஆங்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கல்லறைத் தோட்டத்தில் ஈஸ்டர் ஆராதனை. ஆளுக்கொரு மெழுகுவர்த்தி. ஐயர் வாழ்த்தைச் சொன்னார், சபை பதில் சொன்னது, என் வாயும் சொன்னது. மலையில் கோயில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்திருந்தது. பிறகு அவரவர் சொந்தக்காரரின் கல்லறைக்குப் பிரிந்து போனோம்.

அவருடையது புது மண். வெயிலில் மேடு வெடித்திருந்தது, தண்ணீர் ஊற்றி அமர்த்தணும் என்று தோட்டக்காரர் சொல்லியிருந்தார். பையில் அந்தப் பாட்டில் இருந்தது, வழக்கம்போலக் காலையில் அளந்து நிரப்பியது. பூவை வைத்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "இந்த வருஷமும் சொன்னாங்க" என்றேன்.

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். அதனால் நானே சொன்னேன். முன்பல் இல்லாத பெண், ஐயர் மூஞ்சி, ஐந்தாம் வகுப்பு, கடைசியில் ஆயாம்மா. அடுக்கியிருந்த வரிசைப்படியே சொல்லி முடித்தேன். பாட்டிலைத் திறந்து தலைமாட்டில் சாய்த்தேன். மண் சத்தத்தோடு உறிஞ்சியது.

கை நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. தானாக நிமிர்ந்துகொண்டது. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். சரியாக அரை டம்ளர்தான் குறைந்திருந்தது.

வீங்குவதற்குக் கால் இல்லை. திட்டுவதற்கு டாக்டர் இல்லை. அப்போதும் நான் அளந்துகொண்டிருந்தேன். அந்த இடத்தில்தான், அடக்கத்தன்று அல்ல, அவர் செத்துப்போய்விட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பிடிக்க அங்கே யாரும் இல்லை.

"குடிங்க" என்று சொல்லி, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தேன்.