செல்லம்மா வாங்கிய கையெழுத்து
தன் தாய்க்கு நான்கு வருடம் பணிவிடை செய்த செல்லம்மாவைச் சங்கிலித் திருடி என்று துரத்தியவன் சிவராம். சங்கிலி அவன் பீரோவிலேயே கிடைத்த பிறகும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று படூரில் அவள் மகன் ஆல்வினின் பட்டறைக்கு ஆட்டோமேட்டிக் காருடன் வந்திருந்தான். பத்து வருடமாக மாற்றாத கியர் ஆயில் கருத்திருந்தது.

"மிஷின் வெச்சு பழைய ஆயில மொத்தமா ஃப்ளஷ் பண்ணிடு," என்றான் ஆல்வினிடம்.

பட்டறையில் இருந்த செல்லம்மா ஒருமுறை சொன்னாள். "வாணாம் சார். நாள்பட்ட மலச்சிக்கலுக்கு முரட்டு பேதி குடுத்தா ஆள் தாங்காது. கொஞ்சங்கொஞ்சமா மாத்தலாம். இல்லாங்காட்டி கியர்பாக்ஸே பூடும்."

"எங்கம்மாவுக்குப் பெட்பேன் எடுத்தவ எனக்குக் கார் சொல்லித் தர்றியா?"

அவளுக்குள் மிச்சமிருந்த இரக்கமும் அற்றுப்போனது. ஆஸ்பத்திரியில் பேச்சைக் கேட்காத நோயாளி வீட்டாரிடம் வாங்குவதுபோல, 'எச்சரித்தும் என் விருப்பப்படி' என்று எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினாள்.

"இன்னாம்மா, செய்யவா?" என்றான் ஆல்வின்.

"சாரே ஆசப்பட்டுட்டாரு. சொட்டு வுடாம கழுவு."

நாற்காலியை இழுத்துப் போட்டு, மிஷின் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.