மடிப்புக்குள் இருக்கும் துணி

"வெட்ட மாட்டேன். மடிச்சு உள்ள வச்சுத் தைக்கிறேன். பிடிச்சா போடுங்க, இல்லாட்டி அடுத்த கடை இருக்கு." வாயில் குண்டூசிகளைக் கடித்தபடியே ஆல்டரேஷன் அக்கா இதைச் சொல்லிவிடுவார். மிச்சத் துணி உள்ளே புடைத்துக்கொண்டு நிற்கிறது என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுப்பார்கள். "உடம்பு பெருத்தா பிரிச்சுக்கலாம். வெட்டினா உங்க அப்பன் வந்தாலும் ஒட்டாது" என்பார். வாய் அப்படி, தையல் தங்கம்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. யாராவது போட்டுப் பார்க்கத் திரைக்குள் போனால், இவர் கடையை விட்டே இறங்கித் தெருவைப் பார்த்து நின்றுகொள்வார். மழை பெய்தாலும்தான்.

பதினாலு வயதில் அடிவயிற்று வலியோடு போய்ப் படுத்தபோது, இவருடைய ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றிப் பயிற்சி மாணவர்கள் நின்றார்கள். பெரிய டாக்டர் போர்வையைத் தூக்கி, "நல்லாப் பாத்துக்கோங்க, அபூர்வமான கேஸ்" என்றார். பார்த்தார்கள். கிடந்த பிள்ளையின் முகத்தை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு எல்லோரும் டீ குடிக்கப் போயிருப்பார்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே ஒருமுறை வெட்டித் தைத்திருந்தார்கள். "குடலிறக்கம்" என்று சொல்லிச் சொல்லியே அம்மா சாகும்வரை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்.

வலி மறையவில்லை. முப்பது தாண்டிய பிறகு ஒரு டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, "பாக்கலாமா?" என்று கேட்டார். அந்த உடம்பிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆண் உடம்பு, பெண் உடம்பு என்ற இரண்டிலும் முழுக்க அடங்காமல் பிறப்பவர்கள் உண்டு, ஊடுபால் என்பார்கள், அது வெட்டி எறியும் நோயல்ல என்று அவர்தான் சொன்னார். மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார். முதல் ஆலோசகர், "அப்ப நீங்க ஆம்பளையா, பொம்பளையா?" என்றார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டாமவர், "உங்கள எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்டார். அங்கேதான் அக்கா அழுதார்.

போன வாரம் கூடப் பிறந்த தங்கை கைக்குழந்தையோடு கடைக்கு வந்தாள். அக்காவுக்கு இருந்ததே அதற்கும். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது.

"இப்பவே சரி பண்ணிட்டா குழந்தைக்கு ஞாபகமே இருக்காதாம்க்கா."

"எனக்கும் ஞாபகமில்லடி. இன்னிக்கும் உட்கார்ந்தா வலிக்குது. அது ஒண்ணுக்குப் போகத் தடை இருக்கா? உயிருக்கு ஆபத்துன்னாங்களா?"

"அதெல்லாம் இல்ல. மாமியார்தான்... ஊர் என்ன பேசும்னு."

"ஊர் வாய்க்குப் பயந்து என்னை வெட்டினது பத்தாதா? பெரிசானதும் அதுவே சொல்லட்டும், வேணுமா வேணாமான்னு. முதல்ல டாக்டரம்மாகிட்ட காட்டு."

குழந்தை நனைத்துவிட்டது. பிறந்த நாளிலிருந்து யாரையும் கிட்டே விடாமல் தானே துணி மாற்றி வந்த தங்கை, ஓய்ந்துபோய், "நீயே மாத்துக்கா" என்றாள்.

அக்கா ஷட்டரைப் பாதி இறக்கினார். மேஜையிலிருந்த கத்தரிக்கோலை ஒதுக்கிவிட்டுக் குழந்தையைக் கிடத்தினார். துணி முடிச்சில் விரலை வைத்தவர், குனிந்து, "பாக்கலாமா, தங்கம்?" என்று கேட்டார். குழந்தை காலை உதைத்தது. அக்கா கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.